பச்சைக் கேட் வீட்டு சார்

சுங்கைப்பட்டாணி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மலர் ஆசிரியர் அழகேசன் அண்ணன் அவர்களுக்கு,

சுங்கை கெலாடி தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவி அன்பரசி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அண்ணியும் பட்டம் வாங்கிய மகளும் ஜோகூரிலிருந்து சுகமாக வந்து சேர்ந்திருப்பீர்கள். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் பையனும் சுகம். கார் மட்டும் சுகமில்லை.

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், நான் செய்த முதல் வேலை காரின் பின்சீட்டில் கிடந்த ரோஜா மாலையை ஒரு குச்சியால் தூக்கி வெளியே போட்டதுதான். ஒரு வாரமாக அது அங்கேயே கிடந்தது. அதில் செவ்வெறும்பு குடியேறி, குடும்பம் பெருகி, கியர் பக்கம்வரை வந்துவிட்டது. நேற்று என் வீட்டுக்காரர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு இறங்கி ரோட்டில் நின்று குதித்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து, "ஒரு மாலைய எடுத்துப் போட ஒரு வாரமா? யாரு மாலைதான் அது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதப் பயமாக இருக்கிறது. நம்மோடு படித்த காளியம்மா தன் மாமியாரைப் பற்றித் தங்கைக்குப் பேசி அனுப்பிய செய்தி நம் குழுவில் வந்து விழுந்ததைத் தாங்களும் கேட்டீர்கள். ஆகவே தாளில் எழுதி, தங்கள் அச்சகக் கதவுக்கு அடியில் நானே வந்து தள்ளிவிட்டுப் போகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அண்ணே. ஒன்றுகூடல் மலரின் முதல் பக்கத்துக்கு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் படத்தில், மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருப்பவர் நம் ராமையா சார் இல்லை. நாளைக்கு அது அச்சுக்குப் போகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

போன வாரம் ஒன்றுகூடல் விழா அன்று தாங்கள் ஜோகூரில் இருந்ததால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம் சங்கத் தலைவர் மனோகரன் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. யான் என்ற ஊருக்குப் போய் ராமையா சாரைக் காரில் ஏற்றிக்கொண்டு செர்டாங்கில் உள்ள மண்டபத்துக்கு வந்து சேர வேண்டும். நான் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறவள், எதையும் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவரும் அங்கே போனதில்லை; யாரோ எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்து, யான் கடைத்தெரு தாண்டி, வயல் ஓரத்துச் சந்து, பச்சைக் கேட், போய் "சார்" என்று கூப்பிட்டால் தயாராக இருப்பார் என்று சொல்லியிருந்தார். போனேன். பச்சைக் கேட் இருந்தது. கேட்டுக்கு உள்ளே வயதானவர் ஒருவர் கைலியும் பனியனுமாகக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்குக் கிளம்புகிறவர் கைலியோடு நிற்கிறாரே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் எளிமை என்று எடுத்துக்கொண்டேன்.

"வணக்கம் சார். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"என்னையாம்மா?"

"உங்களத்தான் சார். எல்லாரும் காத்திருக்காங்க."

"நான் இல்லம்மா. வேற ஆளா இருக்கும்."

அண்ணே, நம் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியாததில்லை. மேடைக்குக் கூப்பிட்டால் யாரும் முதல் தடவையே எழுந்து வருவதில்லை. மூன்று முறை மறுக்க வேண்டும். கோயில் தலைவர் மறுப்பார், பெற்றோர் சங்கத் தலைவர் மறுப்பார். மனோகரன்கூடத் தலைவர் பதவியை மூன்று முறை மறுத்துவிட்டு, நான்காவது முறை ஏற்புரையைச் சட்டைப் பையிலிருந்துதான் எடுத்தார். ஆகவே இவர் "நான் இல்லம்மா" என்றபோது நான் மனதுக்குள் ஒன்று என்று எண்ணினேன். "எனக்கு எதுக்கும்மா மாலையெல்லாம், நான் அதுக்குத் தகுந்த ஆளு இல்ல" என்றார். இரண்டு. "அம்மா, நான் மில்லுல நெல்லு லாரி ஓட்டுனவன்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்காமல் உழைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று. "அதெல்லாம் முடியாது சார், நீங்க வராம ஆட்டிறைச்சிப் பாத்திரத்தத் தொறக்க மாட்டாங்க" என்றேன். அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சட்ட மாட்டிட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சாரை எதிரில் வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்ல, நம் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கு நாக்கு எழும்? முகம் தெரியவில்லையா என்பீர்கள். நாம் அவர் முகத்தை எப்போது பார்த்தோம், அண்ணே? தலையைக் குனிந்து நின்றோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ரோத்தான் பிரம்பும் கறுப்புச் சப்பாத்தும்தான். பழைய வகுப்புப் படங்களையும் கரையான் தின்றுவிட்டது என்று தாங்களே வருத்தத்தோடு குழுவில் எழுதியிருந்தீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த விழாப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார் அப்படியே இருக்கிறார், கொஞ்சமும் மாறவில்லை" என்று குழுவில் முதலில் எழுதியது தாங்கள்தான். இரண்டு வருடம் வகுப்புத் தலைவராக இருந்து அவர் மேசையைத் துடைத்தவர் தாங்கள்.

மண்டபத்தில் நடந்ததை எப்படி எழுதுவது? வாசலில் இறங்கியதுமே மனோகரன் ஓடிவந்து காலில் விழுந்தார். பெரியவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதைப் பார்த்து, "இன்னும் அந்தக் கண்டிப்பு போகலை பாரு" என்றாள் காளியம்மா. யாருக்குமே சந்தேகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. "சாரு இவ்வளவு குள்ளமாவா இருந்தாரு?" என்று ஒருவர் கேட்டார். "வயசானா சுருங்கத்தான்லா செய்வாங்க" என்றார் இன்னொருவர். "கறுத்துட்டாரே?" என்றதற்கு, "யான்ல வயக்காட்டு வெயிலு" என்று பதில் வந்தது. முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மாலை போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் ராமையா சார் பெயர் இருந்தது. பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பழைய நினைவு வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது பக்கத்து வீட்டு நினைவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவரும் நேர்மையான மனிதர், அண்ணே. மைக்கைக் கையில் கொடுத்ததும் உண்மையைத்தான் சொன்னார். "ராமையா வாத்தியாரு பெரிய மனுஷன். நான் அவரு கால் தூசிக்கு ஆகமாட்டேன்" என்றார். தன்னையே இன்னொரு ஆள்போலத் தள்ளி நின்று பேசுகிறாரே என்று கூட்டம் நெகிழ்ந்தது. "உங்க யாரையும் எனக்கு அடையாளம் தெரியல" என்றார். "எங்களுக்கே எங்கள அடையாளம் தெரியல சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல், ஒரே சிரிப்பு. "நான் யாரையும் அடிச்சதில்ல" என்றார். மண்டபமே அதிர்ந்தது. ஒருவர் எழுந்து முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். "நான் ஒரு நாளும் பாடம் நடத்துனதில்ல" என்றார். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டு, ஏனென்றால் வெள்ளிக்கிழமைகளில் சார் நம்மைத் தோட்டத்தில் புல் பிடுங்க விட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கடைசியில் அவர் குரலை உயர்த்தி, "நான் வாத்தியாரே இல்லப்பா" என்றார். மனோகரன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்து, "நீங்க வாத்தியார் இல்ல சார், தெய்வம்" என்றார். அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்வார்? உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து அவர் எதிரில் நின்று பள்ளிக்கூட நினைவுகளைச் சொன்னார்கள். வெள்ளம் வந்த வருடம், ரப்பர் பால்மரக் காட்டுக்குள் ஒளிந்த கதை, சாரின் மோட்டார் சைக்கிளில் காற்றை இறக்கியது யார் என்ற வழக்கு. அதை இறக்கியது தான்தான் என்று மூன்று பேர் தனித்தனியாக ஒப்புக்கொண்டார்கள். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "போகட்டும் விடுப்பா" என்று மன்னித்துக்கொண்டே இருந்தார். கடைசியாக மனோகரன் எழுந்தார். "ஒரு நாளு சாரு என்னை வகுப்ப விட்டு வெளிய அனுப்பினாரு. அன்னைக்கு வெளிய நின்னப்ப..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார். இறைச்சிக் குழம்புப் பாத்திரத்தின் மூடி திறக்க மறுத்தது. அதைத் திறந்துவிட்டு நான் வந்தபோது எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்து அழுதேன்.

மாலையில் அவரைத் திரும்ப யானுக்குக் கொண்டுபோனேன். பச்சைக் கேட் முன்னால் இறங்கியவர் பொன்னாடையை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாலையை எடுத்துக்கொள்ளவில்லை.

"சாப்பாடு நல்லா இருந்துச்சிம்மா. என் பேரு குழந்தைவேலு. மூணு தடவ சொன்னேன், நீ கேக்கல. நாலாவது தடவ சொன்னா கூப்பிட வந்த பிள்ளைக்கு மரியாத இல்லையேன்னு ஏறி உட்காந்துட்டேன். மாலை வாத்தியாருக்குச் சேர வேண்டியது. வீடு அதோ, நீலக் கேட்டு."

போன தீபாவளிக்கு ராமையா சார் பச்சையாக இருந்த தன் கேட்டுக்கு நீலம் அடித்திருக்கிறார். மிச்சம் கிடந்த பழைய பச்சைப் பெயிண்ட் டின்னைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறார். குழந்தைவேலு ஐயா அதை வீணாக்கவில்லை.

நீலக் கேட்டுக்கு உள்ளே, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, வேட்டி, வாரிய தலை. காலையில் கட்டிய வேட்டி, மடிப்பு இன்னும் கலையவில்லை. உயரமான மனிதர், நிறமும் கறுக்கவில்லை. காலில் கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது. அடையாளம் அப்போதுதான் தெரிந்தது.

"வா" என்றார். "விழா நல்லா நடந்துச்சி போல."

 அவரே சொன்னார். குளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் கார் சத்தம் கேட்டதாம். வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. மனோகரனுக்குப் போன் அடித்திருக்கிறார், மேடையில் இருந்தவர் எடுக்கவில்லை. பிறகு பேத்தியின் கைப்பேசியில் பார்த்தால், காளியம்மா முகநூலில் விழாவை நேரலையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னிடம் தினமும் சீட்டாட்டத்தில் தோற்கும் குழந்தைவேலு மாலையோடு உட்கார்ந்து, தன் மாணவர்களுக்கெல்லாம் வரிசையாக மன்னிப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் காலில் விழப் போனேன். "வேணாம் வேணாம்" என்று நாற்காலியோடு நகர்ந்தார். நாளைக்கே எல்லோரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்றேன். "என்னத்துக்கு?" என்றார். "நான் எதிர்ல உட்காந்திருந்தா இதுல ஒருத்தனாவது வாயத் தொறந்திருப்பானா? வந்து கால்ல விழுவானுங்க. கால்ல விழுந்தவன் எங்க பேசுவான்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மனோகரன் கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டார். "வெளிய நின்னப்பன்னு ஆரம்பிச்சான். பேத்தி போன்ல டேட்டா முடிஞ்சிருச்சி. அவன நான் அனுப்பினது ஞாபகம் இருக்கு. மழ நாளு. என்ன காரணம்னுதான் ஞாபகம் இல்ல. அதுக்கப்பறம் ஆறாம் வகுப்பு முடியற வரைக்கும் அவன் என் முகத்தப் பாத்துப் பேசல. வெளிய நின்னப்ப என்னவாம்?"

மூடி திறக்கப் போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? குழந்தைவேலு ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அப்பதான்பா கறி வாசம் வந்திச்சி" என்றார். அங்கிருந்தே காளியம்மாவுக்குப் போன் போட்டேன். "அழுதான்லா. நாங்களும் அழுதோம். என்ன சொன்னான்னு யாரு கேட்டா?" என்றாள். சரி, பதிவை அனுப்பு என்றால், அதில் தான் குண்டாகத் தெரிவதாக நாத்தனார் சொன்னதால் அப்போதே அழித்துவிட்டாளாம்.

சார் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு, "மலர் வெளியீட்டுக்கு இன்னொரு விழா வெக்கிறாங்களாமே. அதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. மேடையெல்லாம் வேணாம். பின்னால உட்காந்து கேக்கறேன். பக்கத்து வீட்டுக்காரருன்னு சொல்லிக்கோ" என்றார். நான் திடுக்கிட்டு, அது முறையே இல்லை சார் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மறுத்துப் பேசினேன்.

கிளம்பும்போது ஒரு நப்பாசையில், "சார், என்னை ஞாபகம் இருக்கா? ஒன்னாம் வகுப்புல என் விரலப் பிடிச்சு எழுத வெச்சீங்க" என்றேன். மலருக்கு நான் எழுதி, தாங்கள் படித்துப் பாராட்டிய கட்டுரை அதைப் பற்றியதுதானே. அவருடைய மோதிரம் என் விரலில் அழுந்திய வலிகூட இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். சார் என்னை உற்றுப் பார்த்தார். "நீ குணவதி டீச்சர் வகுப்பு. உங்கண்ணன்தான் என்கிட்ட படிச்சான். நான் மோதிரமே போட்டதில்ல" என்றார்.

அன்றைக்கு வீடு வரும்வரை நான் ரேடியோ போடவில்லை. இத்தனை வருடமாக என் பையனுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிவந்தது அண்ணனுடைய சார், டீச்சருடைய விரல். குருண் ஊரைத் தாண்டும்போது அந்த மோதிரம் தெளிவாக நினைவுக்கு வந்தது. சிவப்புக்கல், பெண்கள் போடுவது. அதை எப்படி ஒரு ஆணின் கையில் மாட்டினேன் என்று தெரியவில்லை. எல்லோரும் ராமையா சாரைப் பற்றிப் பேசினார்கள், நானும் பேசினேன், அவ்வளவுதான் இருக்கும். மண்டபத்தில் வேற்று ஆள் முன்னால் நின்று அழுதவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மட்டும் என்ன தகுதி இருக்கிறது?

அதனால்தான் அண்ணே, ஒரு வாரம் யோசித்து இதை எழுதுகிறேன். முதல் பக்கத்துப் படத்தை எடுத்துவிடுங்கள். நான் யானுக்குப் போய்ச் சாரை நல்ல படமாக எடுத்து வருகிறேன். உள்ளே ஒரு கட்டம் போட்டு, "ஆள் மாறியதற்கு வருந்துகிறோம், தவறு முழுவதும் அன்பரசியுடையது" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மனோகரனிடம் நானே இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் மனம் உடையும், ஆனாலும் உண்மை உண்மைதானே. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய மாலையை என் கார் எறும்புக்குப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அண்ணிக்கு என் அன்பு. மகளுக்குக் கிடைத்த பட்டம் நல்ல வேலையாக மாறட்டும், தங்கள் அச்சகத்தில் மை காயாமல் இருக்கட்டும், தங்கள் முதுகு வலிக்கு ஜெராய் மலைக் காற்று குணம் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை,
அன்பரசி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனோகரனுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "நல்ல நேரத்துல கூப்பிட்ட அன்பு. அன்னைக்குச் சாருகிட்ட ஒன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அழுகை வந்து முடிக்க முடியல. முப்பது வருஷத்துக்கு மேல வெச்சிருந்தது. வெளியீட்டு விழாவுல அழாம முழுசா சொல்லிடணும். சாரு வந்திடுவாருல்ல?" என்றார். "வந்திடுவாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். படம் அப்படியே இருக்கட்டும். கட்டம் போட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டாம். என் கட்டுரையில் மட்டும் ராமையா சார் என்று வரும் இடங்களில் எல்லாம் குணவதி டீச்சர் என்று மாற்றிவிடுங்கள். வெளியீட்டு விழாவுக்கு நான் யானிலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருவேன். பச்சைக் கேட்டுக்காரர் மேடையில் உட்காருவார், நீலக் கேட்டுக்காரர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். இதை என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, அந்த இரண்டு பெரியவர்களுக்கும் தெரியாது. தாங்களும் வாயைத் திறக்காதீர்கள். பின்வரிசையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள். மாலை வேண்டாம்.